கார்னர் வேல்ராஜின் முடி

கபடியில் பூம்பாறை வேல்ராஜுக்கு வேலை மூலையில். பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் மேலே வந்து விழும்வரை விடக் கூடாது. சரிவில் பூண்டு மூட்டை இறக்கிய உடம்பு, பிடித்தால் விடாது. அதை வைத்தே டிவியில் வரும் லீக் அணி ஒன்றுக்குப் போய்விட்டான். மகனைப் பார்க்கலாம் என்று அம்மா வேலுத்தாய் டிவி முன்னால் உட்கார்ந்தால், குவியலுக்கு அடியில் ஒரு பாதம் தெரியும். "ஏலே, அந்தக் காலுதான்" என்பாள். மேலே விழுந்தவர்கள் எழுந்து தொடையைத் தட்டுவார்கள். கேமராவும் அவர்களோடு போய்விடும். பிடித்தவன் முகம் யாருக்கு வேண்டும்?

போன வருஷம் முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. டாக்டர் ஒரு பக்கம் கத்தி வைக்க, வேலுத்தாய் மறுபக்கம் அவன் முடியைப் பழனி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். எங்கள் ஊரிலேயே குழந்தை வேலப்பர் இருக்கிறார். ஆனால் முழங்கால் பெரிய இடத்து விவகாரம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நேர்ந்த முடியில் கத்தரி படக் கூடாது. கால் தேறி அவன் மறுபடி களத்தில் இறங்கியபோது, சுருள் முடி தோளில் புரண்டது.

முகத்தைப் பார்க்காத கேமரா முடியைப் பார்த்தது. அணிக்குப் பணம் போடும் கூந்தல் தைலக் கம்பெனிக்காரர்கள், "யார் இது?" என்று கேட்டார்கள். முழங்காலை நம்பாமல் அவனைக் கழற்றிவிட இருந்த மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மாசியில் விளம்பரத்தில் நடித்தால் அடுத்த சீசனிலும் இடம் உண்டாம். இத்தனை வருஷம் பிடித்த கணுக்கால்களுக்கு மயிரளவு மரியாதை இல்லை. மயிருக்கு இருந்தது.

வேல்ராஜ் வெரசா ஊருக்கு வந்தான்.

"யம்மா, மொட்டைய மாசி கழிச்சுப் போட்டுக்கிறேன்."

"தைப்பூசத்துக்குன்னு நேந்துருக்கேன். காலு குடுக்கையில அவரு தள்ளிப் போட்டாரா?"

"அப்ப பூமுடி குடுத்துருவோம். நுனியில மூணு கத்த வெட்டுனாப் போதும்."

"அது பொம்பளைகளுக்கு. நீ என்ன சடையா பின்னியிருக்க?"

"சோலி போயிரும்மா."

"காலு போச்சுன்னா சோலி என்னத்துக்கு?"

முழங்காலைக் கொடுத்தது யார் என்பதில் அவனுக்கும் சந்தேகம் கிடையாது. கொடுத்தவர் திருப்பி வாங்கிக்கொண்டால் என்ன செய்வது என்று நிஜமாகவே பயந்தான்.

தைப்பூசத்தன்று பழனியில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டான். அந்த மொட்டைத் தலைப் போட்டோவைப் பார்த்த மேனேஜர், "சாமி காரியம், நாங்க குறுக்க நிக்க முடியுமாங்க?" என்று ரொம்ப மரியாதையாகப் பேசி, அதே மரியாதையோடு அவனை அணியிலிருந்து எடுத்துவிட்டார்.

இப்போது கால் கல்லு மாதிரி இருக்கிறது. வீட்டில் பூண்டு மூட்டை இறக்குகிறான்.

அந்த விளம்பரத்தில் அணியின் நட்சத்திரம், பாடிப் போகிறவன், வருகிறான். அவனுக்கு முன்தலை வழுக்கை என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் டிவியில் தோள்வரை சுருள் முடியைச் சிலுப்புகிறான். கோயில் முடி ஏலத்துக்குப் போவதும், ஏலத்தில் போனது டோப்பாவாக வருவதும் வேலுத்தாய்க்குத் தெரியும். கிட்டே போய் உற்றுப் பார்த்தாள்.

"ஏலே, அந்த முடிதான்" என்றாள்.

மூட்டையை இறக்கிவிட்டு வேல்ராஜும் வந்து பார்த்தான். விளம்பரம் முடியும்வரை நின்றான்.

"இந்தவாட்டி நாந்தாம்மா மேல இருக்கேன்" என்றான்.