கைதட்டலோடு சேர்த்துப் படித்த பிரெஞ்சு

ஒரு பொப் பாடகியின் மேடைக் கச்சேரிப் பதிவை வைத்துப் பிரெஞ்சு படித்த ஒரே ஆள் இந்த லண்டனில் நானாகத்தான் இருப்பேன். ஆறு மாதம் படித்தேன். முடிவில், இருட்டில் உட்கார்ந்திருக்கும் சில ஆயிரம் பேரைப் பார்த்து நலம் விசாரிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு தனி ஆளிடம் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கத் தெரியாது. அதற்குப் பாடகியைக் குறை சொல்ல முடியாது. அவர் அந்தக் கச்சேரியில் யாருக்கும் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

காரணம் என் மருமகள், அக்காவின் மகள். அக்காவும் நானும் எண்பதுகளில் சில மாத இடைவெளியில், ஊர்ச் சண்டைக்குத் தப்பி, ஆட்களை வெளிநாட்டுக்குக் கடத்தும் ஒரே ஏஜென்சிக்காரனை நம்பிப் புறப்பட்டவர்கள். இரண்டு பேருக்கும் லண்டன் என்றுதான் பேச்சு. என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தான். அக்காவைப் பாரிசில் இறக்கிவிட்டு, இரண்டு கிழமை பொறுக்கச் சொன்னான். அந்த இரண்டு கிழமைக்குள் அக்கா அங்கேயே வேலை எடுத்து, கலியாணம் கட்டி, பெண்பிள்ளையும் பெற்று, பிள்ளை பள்ளிக்கூடம் போகவும் தொடங்கிவிட்டாள். நடுவில் கிடந்தது சின்னக் கடல்தான். ஆனால் குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் என் அகதி விஷயம் முடியும்வரை அதைத் தாண்ட என்னிடம் பயணக் கடதாசி இல்லை. ஆகவே என் ஒரே மருமகளை எனக்குத் தொலைபேசியில்தான் பழக்கம்.

பழக்கம் என்பதும் மிகைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எடுக்கும்போது அவள்தான் ஓடிவந்து தூக்குவாள். “அல்லோ” என்பாள். எப்படி இருக்கிறாய், என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்பேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு தாயைப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ சொல்லுவாள். அதற்குள் ‘மாமா’ என்ற ஒரு சொல் சோற்றில் கல்லைப் போலத் தட்டுப்படும். அவள் கதைக்கத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் எங்கள் உறவு. பிள்ளைக்குத் தமிழ் இல்லை என்று நானே முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. படித்தவன் கேட்பதில்லை, முடிவு செய்வான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாரிகாலத்தில் அக்கா அறிவித்தாள். கோடை விடுமுறைக்கு, கடலுக்கு அடியால் வரும் புது ரயிலில், பிள்ளையோடு வந்து ஒரு கிழமை நிற்பாள். அன்றைக்கே லைப்ரரிக்குப் போய் ஒரு பிரெஞ்சுப் பாடப்புத்தகம் எடுத்தேன். முதல் பாடத்தில் ஒரு பொறியியலாளர் ஹோட்டல் அறையில் சவர்க்காரம் இல்லை என்று முறையிட்டார். மூன்றாவது பாடத்திலும் சவர்க்காரம் வந்து சேரவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையோடு இதைப் பற்றி எவ்வளவு நேரம் கதைக்கலாம்?

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில்தான் அந்த இசைத்தட்டு கண்ணில் பட்டது. பாரிசில் ஒரு மண்டபத்தில் பதிவு செய்தது. ஏறக்குறைய எல்லாமே பிரெஞ்சுப் பாட்டுகள். ஊறுகாய் மாதிரி ஓரத்தில் இரண்டு ஆங்கிலம். கேட்கக் கேட்க எனக்குள் ஒரு தத்துவம் முளைத்தது. அதிகம் வாசிக்கிறவனுக்கு வரும் நோய் இது. பாட்டிலே ஒரு எழுத்தைப் பிடித்தால் அடுத்த தெருவரைக்கும் இழுக்கிறார். மனிதர் யாரும் அப்படிக் கதைப்பதில்லை. ஆனால் பாட்டு முடிந்து, கைதட்டு அடங்கும் நேரம், மூச்சு வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு கதைக்கிறாரே, அதுதான் மொழி. மெதுவாகவும் அன்பாகவும், ஆளைப் பார்த்துச் சொல்லும் சொல். பாட்டை விட்டுவிட்டுக் கதையைப் படிப்பது என்று தீர்மானித்தேன்.

நான் அப்போது ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கும் வேலை. காதில் வோக்மேன் மாட்ட அனுமதி உண்டு. அதற்கு இசைத்தட்டு உதவாது, கசெற் வேண்டும். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் பாட்டு வாங்குவதில்லை, அடிப்பிப்பார்கள். வெறும் கசெற்றையும் ஒரு துண்டில் எழுதிய பட்டியலையும் கடையில் கொடுத்தால் அடுத்த சனிக்கிழமை எடுக்கலாம். அப்டன் பார்க்கில் வீடியோக் கடை வைத்திருந்த அண்ணை இதில் பெயர் எடுத்தவர். அவர் அடித்த கசெற்றில் இரைச்சல் இருக்காது, நாடா முடியும் இடத்தில் பாட்டு அறுந்து தொங்காது. லைப்ரரி இசைத்தட்டை அவரிடம் கொடுத்தேன். என்ன வேண்டும் என்று விளக்கவில்லை. எல்லாம் வேண்டும் என்பது எனக்கு வெளிச்சமாக இருந்தது.

சனிக்கிழமை அண்ணை பெருமையோடு நீட்டினார்.

“தம்பி, கையடிக்கிறது, விசிலடிக்கிறது, அந்தப் பாட்டுக்காரப் பிள்ளை நடுவுக்கை நிண்டு கதை அலம்பினது எல்லாத்தையும் வெட்டிப்போட்டன். தனிப் பாட்டு. கடைசியிலை கொஞ்ச நாடா மிஞ்சினது. சும்மா விடக்கூடாதெண்டு எங்கடை சோகப் பாட்டு நாலு போட்டிருக்கிறன்.”

எனக்கு வேண்டிய அத்தனையையும் ஒன்று விடாமல் தேடிப் பிடித்து வெட்டியிருந்தார். இசைத்தட்டைத் திருப்பிக் கேட்டேன். லைப்ரரி தன் வீட்டுக்குப் பக்கம்தானே என்று, எனக்கு அலைச்சல் வைக்காமல், தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். உதவி செய்த மனிதரிடம் எப்படிக் கோபிப்பது? கோபத்தை லைப்ரரிக்குக் கொண்டுபோனேன். அங்கே அதை வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். திரும்பி வரட்டும் என்று காத்திருந்தேன். எடுத்தவர் புதுப்பித்தார். மறுபடியும் புதுப்பித்தார். கிழக்கு லண்டனில் முகம் தெரியாத ஒருவரை நான் ஏழு கிழமை மனதுக்குள் திட்டினேன்.

கடைசியில் கைக்கு வந்தது. ஓடினேன் அண்ணையிடம். இந்த முறை தெளிவாகச் சொன்னேன். பாட்டு ஒன்றும் வேண்டாம், அவர் முதல் முறை வெட்டியது மட்டும் வேண்டும்.

அண்ணை கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“பாட்டு வேண்டாமோ?”

“வேண்டாம் அண்ணை.”

“கையடிக்கிறது வேணும்?”

“ஓம்.”

“வீட்டிலை பிரச்சினை ஒண்டும் இல்லையே, தம்பி?”

பதினொரு நிமிடக் கசெற் கிடைத்தது. அதை மாதக்கணக்கில் கேட்டேன். இனிய மாலை வணக்கம். எல்லோரும் நலமா? எனக்குக் கேட்கவில்லை, இன்னும் சத்தமாக! நீங்கள் அற்புதமானவர்கள். இந்த இரவை நான் மறக்கமாட்டேன். அகராதியை வைத்துப் பொருள் பிடித்தேன், பண்டகசாலையில் பெட்டிகளுக்குச் சொல்லிப் பழகினேன், பெட்டிகள் நல்ல சபை. வீட்டில் குளியலறையில் பழகினேன். மனைவி கதவைத் தட்டி, “இஞ்சருங்கோ, உள்ளை எத்தினை பேர் நிக்கினம்?” என்று கேட்டாள்.

கோடை வந்தது. ஒரு முற்பகலில் வாட்டர்லூவில் போய் நின்றோம். பதினொரு வருடத்துக்குப் பிறகு அக்கா, பெட்டியை இழுத்துக்கொண்டு, கொஞ்சம் குண்டாக. அவள் கையைப் பிடித்தபடி மெல்லிய ஒரு பிள்ளை. அழவேண்டிய நேரம். நான் இரண்டு கையையும் விரித்து, நெஞ்சு நிறைந்த குரலில், எல்லோருக்கும் மாலை வணக்கம் சொன்னேன். நலமா என்று கேட்டேன். பிள்ளை தாயின் பின்னால் போனாள். வேறு வசனம் ஞாபகம் வராததால், கேட்கவில்லை, இன்னும் சத்தமாக என்றேன். நிலையத்தில் இரண்டு பேர் திரும்பி நின்று பார்த்தார்கள். கைதட்டவில்லை.

அந்தக் கிழமை முழுக்க இதே கதைதான். காலையில் கோப்பிக்கோப்பையோடு அவளுக்கு மாலை வணக்கம் சொன்னேன். பூங்காவில் இந்த இரவை மறக்கமாட்டேன் என்றேன். மனைவியையும் அக்காவையும் வாத்தியக்காரர்களைப் போல ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவைத்தேன். பிள்ளை மரியாதையாகத் தலையாட்டினாள். மனைவி அவளோடு தமிழில் கதைத்தபடி தோசை சுட்டுக் கொடுத்தாள். விளங்காத பிள்ளைக்கு ஏன் வாயை வீணாக்குகிறாள் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் பெண்கள் இருவரும் கடைக்குப் போயிருந்தார்கள். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளை வந்து மேசைக்கு மறுபக்கம் நின்றாள். பிரெஞ்சில் எதையோ கேட்டாள். சின்னக் கேள்வி இல்லை. நாலைந்து வசனம், நடுவில் ஒரு சிரிப்பு, கடைசியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு காத்திருப்பு. ஒன்பது வருடமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். ஒரு சொல்லும் விளங்கவில்லை. பதினொரு நிமிடத்தையும் தலைக்குள் ஓடவிட்டுத் தேடினேன். மறுமொழி என்று அதில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பாடகியிடம் யாரும் கேள்வி கேட்கவில்லையே.

நன்றி, நீ அற்புதமானவள் என்றேன். அவள் வழக்கம்போல மரியாதையாகத் தலையாட்டினாள். பிறகு தொலைக்காட்சிக்குப் போய்விட்டாள். மற்றப் பக்கம் திரும்பி நின்று வெங்காயம் முழுவதையும் வெட்டினேன். வேண்டியதைவிடக் கூடவே வெட்டினேன் என்று மனைவி பிறகு சொன்னாள்.

அவர்கள் திரும்பிப் போன பிறகு வந்த ஞாயிறு தொலைபேசியில் அக்காவிடம் சொன்னேன். குசினியில் பிள்ளை என்னவோ கேட்டாள், எனக்கு விளங்கவில்லை, என்னவென்று கேட்டுச் சொல் என்றேன். அக்கா தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கேட்டாள். உள்ளேயிருந்து பிள்ளையின் பிரெஞ்சு மட்டும் கேட்டது. அக்கா சிரித்தாள்.

அம்மா சின்னப்பிள்ளையாக இருக்கும்போது குழப்படியா, மாமாவோடு சண்டை பிடித்தாவா என்று கேட்டாளாம். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு முழு நாள் சொல்லக் கதை இருந்தது. எல்லாம் தமிழில் இருந்தது.

“அது சரி, நான் தமிழிலை சொன்னா அவளுக்கு விளங்கவே போகுது” என்றேன்.

“ஏன் விளங்காது? வீட்டிலை நான் என்ன, சீனப் பாசையே கதைக்கிறன்? வடிவா விளங்கும். திருப்பிக் கதைக்கத்தான் வெக்கம்,” என்றாள் அக்கா. “அவள் நினைச்சிட்டாளாம், போனிலை தமிழ் கதைச்சாலும், நேரிலை நீதான் பிள்ளையளோடை தமிழ் கதைக்க விருப்பமில்லாத ஆள் எண்டு.”