தானாக எடுத்துக்கொண்ட போன்

எந்தப் போனைக் கையில் கொடுத்தாலும், அதன் சொந்தக்காரருக்குத் தெரியாத எதையாவது ஒன்றை மாற்றிவிட்டுத்தான் மாமா திருப்பிக் கொடுப்பார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. படப்பை கடைத்தெருவில் போன் ரிப்பேர் கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். ஸ்டாரையும் ஹேஷையும் அழுத்தி, நடுவே மளமளவென்று சில எண்களைத் தட்டுவார். அதுவரை யாரும் பார்த்திராத ஒரு பட்டியல் திரையில் எழுந்து வரும். அந்தப் போன் எந்த மாதம் தயாரானது, இதுவரை அதில் எவ்வளவு நேரம் பேசியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் ஜாதகம் சொல்கிறவரைப் போல வாசிப்பார். ஒருமுறை எங்களுக்கு அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரரின் போனில், சிம் கம்பெனியின் பெயர் வரவேண்டிய இடத்தில் தன் பெயரை வரவழைத்துவிட்டார். வீட்டுக்காரர் சில நாள் மாமாவின் பெயரைச் சட்டைப்பையில் சுமந்துகொண்டு ஊரெல்லாம் போய்வந்தார்.

அம்மா சுங்குவார்சத்திரம் பக்கம் போன் தயாரிக்கும் கம்பெனியில் இருந்தாள். லைனில் அவள் வேலை, பட்டன்கள் உள்ள மேல்மூடியை அழுத்திப் பொருத்தி அடுத்த ஆளிடம் தள்ளிவிடுவது. நாள் முழுக்கப் போன்களோடே இருந்தாலும் தன் சொந்தப் போனில் பச்சையையும் சிவப்பையும் தவிர வேறு எதையும் அவள் தொட்டு நான் பார்த்ததில்லை. மாமாவுக்கு இதில் தனிப் பெருமை.

"ஒங்கம்மா மூடி போட்டு அனுப்பறா. உள்ள இன்னா கீதுன்னு எனக்குத்தான் தெரியும்" என்பார்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அப்பா குன்றத்தூரில் வேறு குடும்பத்தோடு இருந்தார். அதைப் பற்றி வீட்டில் பேச்சில்லை. யோசித்துப் பார்த்தால் எதைப் பற்றியுமே அதிகம் பேச்சில்லை. பள்ளிக்கூடம் இருக்கும் மாதங்களில் அது எனக்குத் தெரியவில்லை. ஆறாம் வகுப்பு முடிந்து மே மாத லீவு விட்ட பிறகுதான் தெரிந்தது.

எங்களுடையது வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்று. மற்ற அறைகளில் தெற்கேயிருந்து வேலைக்கு வந்த அண்ணன்கள் தங்கியிருந்தார்கள். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். வாசலில் கிடக்கும் செருப்புகளை வைத்தே உள்ளே எந்த ஷிப்ட் தூங்குகிறது என்று சொல்லிவிடுவேன். பக்கத்து அறை மின்விசிறி கடகடவென்று சுற்றும் சத்தத்தைக் கேட்டபடி நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்கு முதல் ஷிப்ட். நான் எழுந்திருக்கும் முன்பே போயிருப்பாள். சாயங்காலம் கம்பெனி பஸ் அவளை மெயின் ரோட்டில் இறக்கிவிடும். வந்ததும் கேட்பாள்.

"சாப்ட்டியா?"

"உம்."

"கதவ யாருக்கும் தொறக்கலியே?"

"உம்."

பிறகு யூனிஃபார்ம் சேலையை மாற்றிக்கொண்டு வெறுந்தரையில் படுத்துவிடுவாள். நான் அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த மே மாதத்தில் ஒருநாள் மதியத்துக்கு மேல் பெருங்காற்று அடித்தது. கரண்ட் போனது. வரிசையில் ஏதோ ஒரு தகரக் கதவு திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டது. எனக்குப் பயமாகிவிட்டது. தெருவில் இருந்த பெட்டிக்கடைக்கு ஓடி, அங்கே மாட்டியிருந்த காசு போடும் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில்தான் வைக்க வேண்டும். ஆனால் அது பஸ் கிளம்பியிருக்கும் நேரம். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் கிடக்கும் போனின் மணி அந்த பஸ் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த மாமாவிடம் சொல்லி அழுதேன். அம்மா பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மாமா அவள் போனை எடுத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"போன் அடிச்சாத்தான எடுக்கணும்? அடிக்காமலே எடுத்துக்கினா?"

சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய இயர்போனை எடுத்தார். செருகும் முனையை மட்டும் விட்டுவிட்டு மீதி ஒயரை வெட்டி எறிந்தார். அந்தத் துண்டைப் போனின் துளையில் செருகியதும், அமைப்புகளின் பட்டியலில் அதுவரை இல்லாத ஒரு வரி புதிதாக வந்தது. இயர்போன் மாட்டியிருப்பதாகப் போன் நம்பினால்தான் அந்த வரி கண்ணில் படுமாம். அதற்குள் போய், அழைப்பு வந்தால் தானாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினார். பிறகு தன் போனிலிருந்து கூப்பிட்டார். அம்மாவின் போன் சத்தமே போடவில்லை. மணியோசையும், இனி வரப்போகும் என் குரலும், வெட்டி எறிந்த அந்த இயர்போனுக்கே போய்விடும் என்பதை மாமா கவனித்தாரா என்று தெரியவில்லை. திரை ஒளிர்ந்தது. யாரும் தொடாமலே பேச்சு நேரம் ஓடத் தொடங்கியது.

"இனிமே நீ கூப்ட்டா எடுத்துக்கும். நீ கத்து, பைக்குள்ள இருந்து அவளுக்குக் கேக்கும்" என்றார்.

அம்மா ஈரக் கையோடு வந்து போனைப் பார்த்தாள். "இது இன்னாடா ஓட்டைல?"

"தூசி போவாம இருக்க மூடிக்கா. ஒங்க கம்பெனில கூடக் குடுக்க மாட்டான்."

அம்மா நம்பிவிட்டாள். விளக்கத்தைப் பிறகு தானே சொல்லிக்கொள்வதாக மாமா என்னிடம் கண்ணடித்தார். வழக்கம்போல மறந்தும்போனார்.

மறுநாள் பஸ் நேரத்துக்குப் பெட்டிக்கடைக்குப் போனேன். மதியம் பன் வாங்கித் தின்ன அம்மா வைத்துவிட்டுப் போயிருந்த காசு கையில் இருந்தது. போட்டேன். சற்று நேரத்தில் அந்தப் பக்கம் திறந்துகொண்டது. முதலில் வெறும் இரைச்சல். டப்பாவுக்குள் ஸ்பூன் உருளும் சத்தம். "அம்மா" என்றேன். இன்னும் உரக்க "அம்மா, அம்மா" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் எல்லாம் கேட்டது.

பஸ்ஸில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு தெற்கத்திப் பெண்ணின் குரல், "யக்கா, அந்தச் சூப்பர்வைசர் மாதிரி ஒருக்கப் பேசிக் காட்டுங்க" என்றது.

"வேணாம்மே, போயி போட்டுக் குடுத்துடுவ" என்றாள் ஒருத்தி. அது அம்மா என்பது எனக்கு உடனே புரியவில்லை. பிறகு மூக்கால் ஓர் ஆண்குரல் வந்தது. "மேடம், கை பேசணும், வாய் பேசக்கூடாது. பாத்ரூம் போறதுன்னா சொல்லிட்டுப் போ. வந்தா சொல்லிட்டு வா. நடுவுல இன்னா பண்ணன்னு மட்டும் சொல்ல வேணாம்."

பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அம்மாவின் சிரிப்பு தனியாகத் தெரிந்தது. அம்மாவின் அன்றைய வயதைவிட எனக்கு இப்போது வயது கூடுதல். அதனால் சொல்ல முடிகிறது, அது ஒரு சின்னப் பெண்ணின் சிரிப்பு. அன்று எனக்குத் தோன்றியதெல்லாம், இவளை எனக்குத் தெரியாதே என்பதுதான்.

அதற்குப் பிறகு தினமும் போனேன். பன் தின்பதை விட்டுவிட்டேன். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, காசு தீரும்வரை வாய் திறக்காமல் நிற்பேன். கடைக்காரர் சில நாள் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா பாப்பா, போன் போட்டுட்டுப் பேசவே மாட்ற?"

"அந்தப் பக்கம் பேசறாங்க" என்றேன்.

"நல்ல பொண்ணு. எம் பொண்டாட்டியும் கீறாளே, அடுத்தவனப் பேசவே வுட மாட்டா" என்று பீடிக்கட்டைப் பிரித்தார்.

அம்மாவுக்குச் சினிமாப் பாட்டு தெரிந்திருந்தது. யாரோ கொண்டுவந்த மாங்காய்க்கு மிளகாய்த்தூள் பத்தவில்லை என்று சண்டை போடத் தெரிந்திருந்தது. இதையெல்லாம் அவள் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். வீட்டுக்குள் வந்தவள் பழைய அம்மாதான். அவளிடம் மாங்காயைப் பற்றிக் கேட்க எனக்கு நாக்கு துடிக்கும். கேட்டால் எப்படித் தெரியும் என்று கேட்பாளே. ஒவ்வொரு நாளும் நான் காத்திருந்தது ஒன்றுக்காகத்தான். அந்தப் பேச்சில் எங்காவது நான் வருவேனா என்று.

ஒருநாள் வந்தேன்.

அன்று பஸ்ஸில் சத்தம் குறைவாக இருந்தது. அம்மாவின் பக்கத்தில் எப்போதும் உட்காரும் பெரியவள் ஒருத்தி கேட்டாள். "லீவாச்சே. பொண்ணு தனியாவா கீது?"

"ஆமாக்கா. தனியாத்தான் கீது."

"அழுவுதா?"

"அழுதாக்கூடத் தேவலயே. ஒண்ணும் பேசாது. வூட்டுக்குப் போவவே கால் வரலக்கா. கதவத் தொறந்தா திரும்பி ஒரு பார்வ பாக்கும் பாரு. அந்த மூஞ்ச என்னால பாக்க முடியல."

ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். பெரியவள் சொன்னாள். "சரி, சரி. நீ இப்பிடி ஜன்னலாண்ட வந்து குந்து."

பையை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அம்மாவின் குரல் இல்லை. "என்னக்கா அவங்களுக்கு?" என்று அந்தத் தெற்கத்திப் பெண் கேட்டதும், "தூசி பட்டுச்சிடி, நீ ஒன் வேலயப் பாரு" என்று பெரியவள் அதட்டியதும் கேட்டன. காசு தீர்ந்தது.

வீட்டுக்கு வந்து ஆணியில் தொங்கிய சின்னக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன். எனக்கு அப்பாவின் மூக்கு என்று மாமா ஒருமுறை சொல்லியிருக்கிறார். அம்மாவால் ஏன் பார்க்க முடியவில்லை என்பது விளங்கிவிட்டதாகத்தான் நினைத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. பாவம், அம்மா என்ன செய்வாள் என்றுதான் இருந்தது.

அன்று அவள் வரும் நேரத்துக்குப் பாயை விரித்துச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கதவு திறந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அவள் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

"தூங்கறியா?" என்றாள்.

மூச்சைச் சீராக விட்டேன். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். சாப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டேன். தலை வாரிவிடும்போது முதுகைக் காட்டி உட்கார்வதால் சிரமமே இல்லை. அம்மாவுக்கு நான் செய்கிற பெரிய உபகாரம் என்று நினைத்து, அதைச் சரியாகச் செய்வதில் எனக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அடுத்து மாமா வந்தபோது அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மாமா, அந்தப் போன் எடுக்காத மாதிரி மாத்திடு."

"இன்னாடி இது, எடுக்க மாட்டேங்கறான்னு நீதான அழுத?"

"இப்ப வேணாம்."

"வேல செய்யலியா?"

"நல்லாத்தான் செய்யுது. வேணாம்."

மாமாவுக்கு மனம் வரவில்லை. தன் வித்தையைத் தானே அழிக்கச் சொன்னால் யாருக்குத்தான் வரும். துண்டை நகத்தால் நெம்பி வெளியே எடுத்தார். பட்டியலிலிருந்து அந்த வரி மறைந்தது. துண்டைத் தெருவில் வீசி எறிந்துவிட்டு, "ஒங்க ரெண்டு பேரையும் ரிப்பேர் பண்ண என்னால ஆவாது" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை எடுத்தார். அதன்பின் பஸ்ஸில் அம்மா என்ன பேசினாள், சிரித்தாளா என்பது எனக்குத் தெரியாது.

லீவு முடியும் சமயத்தில் ஒருநாள் அம்மா வந்தவள் சேலையை மாற்றவில்லை. அப்படியே வந்து என் முதுகுக்குப் பின்னால் படுத்துக்கொண்டாள். கம்பெனியில் கை துடைக்கும் மருந்தின் வாடை அவள் விரல்களில் இருந்தது. என் தலைமுடியில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"எம்மேல கோவமா?"

இல்லை என்று சொல்ல வேண்டுமென்றால் திரும்ப வேண்டும். திரும்பினால் முகத்தைப் பார்த்துவிடுவாள். நான் அசையாமல் சுவரின் சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை வெகுநேரம் அங்கேயே இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் அம்மா கம்பெனி வேலையை விட்டுவிட்டாள். எங்கள் தெரு முனையில் யூனிஃபார்ம் தைக்கும் ஒரு கொட்டகையில், சட்டைப் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்கச் சேர்ந்தாள். மாமா வந்து குதித்தார். "பெர்மனென்ட் ஆவற நேரத்துல எவளாவது வுடுவாளாக்கா? பஸ்ஸு, சாப்பாடு, எல்லாம் கம்பெனில. இங்க இன்னா கீது?"

"வூடு கிட்ட கீதுல்ல" என்றாள் அம்மா.

கொட்டகையில் அவளைத் தவிர இருந்தவர் ஒரே ஒரு டைலர். காது கேட்காதவர். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு அவள் வேலையை முடித்துக்கொண்டு, டீ போட்டு வைத்து, வாசலில் நிற்பாள். இனி சாயங்காலம் முழுக்க என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே, பாவம் என்று எனக்கு இருந்தது. அதனால் புத்தகப் பையோடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கிருந்து எங்கள் வாசல் தெரியும். அம்மா தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிடுவாள். அவள் உள்ளே போகட்டும் என்று நான் காத்திருப்பேன்.