ஹெர்-டூவும் கங்காணியின் தொண்டையும்

மலை மேலே தானா ராத்தா பக்கம் கிளினிக்கில் வேலை பார்க்கும் என்னைப் போன்ற நர்சுகளுக்கு, அதாவது மிசிகளுக்கு, ஊசி குத்துவதெல்லாம் லேசு. டாக்டர் மலாயில் சொன்னதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள்தான் உயிர் போய்விடும். உங்களுக்கும் இதே பாடுதானே? அப்படியானால் என் கதையையும் கேளுங்கள்.

ரெண்டாவது யாரு?

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் சரோஜாக்காவுக்கு மார்பில் கட்டி. சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. நல்ல வேளை, ஆரம்பக் கட்டம்தான். உடனே கீழே ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு இறங்கி ஊசி மருந்தை ஆரம்பித்தால் பிழைத்துக்கொள்ளலாம். அவரோ, "நான் மலைய விட்டு இறங்க மாட்டேன்" என்று ஒரே பிடி.

கட்டியில் 'ஹெர்-டூ' என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கிறது என்றார் டாக்டர். அதை அப்படியே தமிழில் சொன்னேன். கூட வந்த புருஷன், அதே தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி மாணிக்கம், இங்கிலீஷ் தெரிந்த மிதப்பில் விளக்கவுரை கொடுத்தார்: "ஹெர்னா அவ. டூன்னா ரெண்டு." அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"யாருய்யா அந்த ரெண்டாவது அவ?"

முட்டை செய்த பாவம்

இரண்டு வாரம் கழித்து வந்தபோது அக்காவின் எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. நோய் முற்றிவிட்டதோ என்று பதறிப்போனேன். விசாரித்தால், வீட்டில் முட்டை கிடையாது, பருப்பு கிடையாது, நெத்திலிகூடக் கிடையாதாம். எல்லாம் கங்காணி உத்தரவு! "ஐயோ, இது சாப்பிடுற புரதம் இல்லண்ணே, உடம்பே செய்யிற புரதம். அக்கா இப்படி இளைச்சா ஊசிய எப்படித் தாங்குவாங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். கங்காணியின் முகம் சுருங்கிவிட்டது.

"அந்த ஹெர்-டூவுக்குச் சோத்த நிறுத்துனா அவனே ஓடிருவான்னு நெனச்சேன்லா, மிசி."

ஓயாமல் கத்துகிற ஆள்

அன்றைக்கும் அக்கா அசையவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இங்க பாருங்கக்கா, உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு தொழிலாளி. அது மேல நாலு கங்காணி நிக்கிறாங்க, கூடப் பொறந்தவங்க. வெளியிலேருந்து துரை உத்தரவு வந்தாத்தான் உள்ள பாத்து 'வளரு, பெருகு'ன்னு குரல் குடுக்கணும். அந்த நாலு பேர்ல இந்த ஹெர்-டூ இருக்கானே, இவனுக்கு உத்தரவே வேணாம். கூடப் பொறந்தவனையும் இழுத்து வச்சுக்கிட்டுக் கத்துவான். ஒருத்தன் நிக்கிற எடத்துல நூறு பேரு நின்னு கத்துனா? செல்லு ஓயாம பெருகிக்கிட்டே போகும். அதான் உங்க கட்டி. இந்த மருந்து நேரா போயி அவன் வாயப் பொத்தும்."

மூச்சு விட்ட பிறகுதான் எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். "உத்தரவு இல்லாம நான் எப்ப மிசி கத்துனேன்?" என்று கங்காணி போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சரோஜாக்கா முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டார். பாவம், இத்தனை நாள் அடம்பிடித்ததெல்லாம் பயத்தில்தான்.

"இருபத்தெட்டு வருசமா ஒரு கங்காணி வாய என்னால மூட முடியல, அந்த மருந்து மூடும்னா நாளைக்கே இறங்குறேன் மிசி."

மூன்று வருடம் நர்சிங் படித்தவள் நான்; அக்காவை மலையிறங்க வைத்தது என்னவோ கங்காணியின் தொண்டைதான்.