சூடத்தின் மேல் வைத்த கை

எங்கள் பக்கம் ஒரு வழக்கை முடிக்க ஒரு வில்லை சூடம் போதும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கூண்டேறி வாய் கூசாமல் பொய் சொல்கிற ஆள்கூட, அம்மன் முன்னால் எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னால் பின்வாங்கிவிடுவான். அணைத்துவிட்டால் அவன் சொன்னது உண்மை, அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. அணைக்க மாட்டேன் என்றால் அவன்தான் குற்றவாளி. நானும் இதை நம்பி வளர்ந்தவன்தான். நம்பாதவன் ஒருவன் நான் செய்ததைச் செய்திருந்தால்கூட இவ்வளவு அசிங்கமாக இருந்திருக்காது.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், அறுந்த நூலை ஒட்டுகிற வேலை எனக்கு. அங்கே மிஷின் பழுது பார்க்கிற பிட்டராக இருந்த ஒருவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், கிறிஸ்தவர். சேத்தூரிலிருந்து வருகிற நான் பஸ்ஸைத் தவறவிட்டுப் பிந்தி ஓடிவருகிற நாட்களில், யார் கண்ணிலும் படாமல் என் மிஷின் பக்கத்தில் நின்று சமாளித்து வைப்பார்.

அந்த வருஷம் வேலை நேரத்தைக் கூட்டினார்கள். ஒரு திங்கட்கிழமை காலை எல்லா மிஷினையும் ஒரே நேரத்தில் நிறுத்துவது என்று ரகசியமாகப் பேசி வைத்தோம். இரண்டு நாள் முன்னால் நான் எங்கள் மேலதிகாரியான ஸ்பின்னிங் மாஸ்டரிடம் போய் அதைச் சொல்லிவிட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. என் தம்பி சும்மா ஊர் சுற்றிக்கொண்டிருந்தான், அவனுக்கு அங்கே ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான். மாஸ்டர் ரூமை விட்டு நான் வெளியே வந்தபோது எதிரே அண்ணாச்சி ஸ்பேனரும் கையுமாக நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மிஷின் பக்கம் நடந்தார்.

திங்கட்கிழமை மிஷின் நிற்கவில்லை. முன்னால் நின்று ஏற்பாடு செய்த மூன்று பேரை வேலையை விட்டு நீக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று பேரும் பிள்ளைகுட்டிக்காரர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் மில்லுக்குப் பின்னால் இருந்த அம்மன் கோவிலில் எங்கள் பிரிவு ஆட்கள் எல்லோரும் கூடினோம். எங்களில் வயதான தொழிலாளி ஒருவர் கல் மேல் சூடத்தைக் கொளுத்தினார். "வரிசையா வந்து அணைங்கலே. காட்டிக் கொடுத்தவன் கண்ண ஆத்தா புடுங்கட்டும்" என்றார்.

என் முறை வர இன்னும் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அப்போதுதான் அந்தக் கேடுகெட்ட யோசனை வந்தது. 'தாயே, உன் இருக்கன்குடிக் கோவிலுக்கு வந்து மொட்டை போடுறேன், இந்த ஒரு தடவை விட்டுரு' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். சாமியிடமே பேரம்! கையை வைத்தேன். "நான் சொல்லல" என்றேன். சூடம் அணைந்தது. உள்ளங்கை லேசாகச் சுட்டது.

மறுபடி சூடம் கொளுத்தினார்கள். அடுத்து அண்ணாச்சி. "எங்கள்ல சத்தியம் பண்ற வழக்கம் இல்ல. நான் யார்ட்டயும் சொல்லல. அம்புட்டுதான்" என்றார்.

"எங்க ஆத்தான்னா உமக்கு எளக்காரமாவே?" என்று ஒருவன் எகிறினான்.

"ஐயோ, அப்படி இல்லய்யா."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரு வார்த்தை போதும், நான் அங்கேயே நாறியிருப்பேன். அவர் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். "அணைச்சிருங்களேன் அண்ணாச்சி, செத்த நேரத்துச் சோலிதான" என்றேன். சீ! இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே நாலு போடலாம் போல இருக்கிறது. எல்லோரும் சேர்ந்துகொண்டு நெருக்கினார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதோடு தீர்ப்பு ஆகிவிட்டது.

பிறகு அவரோடு யாரும் டீக்கடைக்குப் போகவில்லை. அவர் வீட்டுக்காரி குழாயடிக்கு வந்தால் மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். நானும் எதிரே அவரைக் கண்டால் குனிந்துகொண்டு போனேன். மூன்று மாதத்தில் அவர் கணக்கை முடித்துக்கொண்டு குடும்பத்தோடு ஆலங்குளம் பக்கம் போய்விட்டார்.

எனக்கோ கண் பயம். மில்லில் பஞ்சுத் தூசி பட்டு யாருக்குத்தான் கண் உறுத்தாது? ஆனால் உறுத்துகிற ஒவ்வொரு தடவையும் 'ஆத்தா வந்துட்டா' என்று உடம்பெல்லாம் வேர்த்துவிடும். இருக்கன்குடிக்குப் போய் மொட்டை போட்டு வந்தேன். "உம்ம பக்தி யாருக்குவே வரும்" என்று கூட வேலை பார்த்தவர்கள் புகழ்ந்தார்கள். ஆறு மாதம் கழித்துத் தம்பிக்கு வேலை கிடைத்தது. ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. அதுதான் நான் சூடத்தை அணைத்தவனாயிற்றே!

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆடிப்பூரத் தேருக்கு மனைவியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் அண்ணாச்சி எதிரே வந்தார். முடி நரைத்திருந்தது. ஒதுங்க இடமில்லை. மனைவி எட்ட ஒரு கடையில் பால்கோவா வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கியா தம்பி? தம்பிக்காரனுக்கு மில்லுல வேல கெடச்சுதாமே, இன்னும் அங்கதான் இருக்கானா?" என்றார். குத்தலாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. "அன்னைக்கு நீங்க ஏன் அண்ணாச்சி என்னயச் சொல்லல?" என்று கேட்டுவிட்டேன்.

"நீ உங்க ஆத்தா முன்னாடி கைய வச்சுச் சொல்லிட்டியேடே. பொறவு நான் வந்து அது பொய்யின்னா, அத்தன பேரு கும்பிடுற எடத்தயில்ல பொய்யாக்குனதா ஆகும்? நான் வேற சாமி கும்பிடுறவன். அது என் வேலையில்லன்னு விட்டுட்டேன்" என்றார்.

அவர் கும்பிடாத அம்மனின் மானத்தை அவர் காப்பாற்றியிருக்கிறார். காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஆலங்குளம் பஸ் வந்தது. "வாரேன் தம்பி" என்று ஏறிக்கொண்டார்.

பால்கோவாப் பொட்டலத்தோடு வந்த மனைவி பஸ்ஸைப் பார்த்தபடி கேட்டாள்: "மில்லுல மூணு பேரக் காட்டிக் கொடுத்துட்டு ஊர விட்டுப் போனாகன்னு சொல்லுவாகளே, அவிய இவியதானா?"

"ஆமா" என்றேன்.