ஆறாவது ஆண்டெனாவின் இரும்பு அறை

நம்புங்கள் என்று யாரையும் கேட்கவில்லை. நடந்தது. அதுவும் பட்டப்பகலில்... மதியம் 2.10க்கு.

ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் எனக்கு நெட்வொர்க் வேலை. வெட்டவெளியில் எட்டுப் பெரிய ஆண்டெனாக்கள். விண்வெளியின் மிக மெல்லிய சிக்னலைக் கேட்பவை. அதனால் வளாகத்துக்குள் செல்போன் கூடாது. பிடிபட்டால் வேலை போய்விடும். மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எனக்கென்று மிச்சமிருந்தது அந்த வேலைதான்.

அன்று ஆறாவது ஆண்டெனாவில் பழைய கேபிளை எடுத்துவிட்டுப் புது ஃபைபர் இணைத்துக்கொண்டிருந்தேன். ஆண்டெனாவின் அடியில் சின்ன அறை. சுவர், கூரை, கதவு எல்லாம் இரும்பு. கதவை மூடினால் உள்ளேயிருந்து ஒரு சிக்னலும் வெளியே கசியாது. புது லைன் உயிர்பெற்ற சற்று நேரத்தில் சுவரிலிருந்த கம்பி டெலிபோன் அடித்தது.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து மோப்பம் அண்ணன். வளாகத்தில் திருட்டு சிக்னல்களைப் பிடிப்பவர். பெயர் அப்படி வந்ததுதான்.

“தம்பி, போன் வச்சிருக்கியா?”

“கேட்லயே குடுத்துட்டேன்ணே.”

“என்கிட்டயே கதை விடுறியா? புது லைன்ல பளிச்சுனு தெரியுது. மூணு துடிப்பு, கட். மறுபடி மூணு.”

என் கை நின்றது.

மனைவி இருந்தவரை, மதியம் சாப்பிட்டதும் மூன்று ரிங் விட்டுக் கட் செய்வாள். என் போன் தூரத்தில், கேட் பெட்டிக்குள் கிடக்கும் என்று தெரிந்தும். தினமும்.

அவள் போன் இப்போது என் பீரோவில் இருக்கிறது. பேட்டரி இல்லாமல்.

“எங்கேருந்துண்ணே வருது?”

“நாலாவது ஆண்டெனா பக்கம்... இரு. நகருது. உன்னைப் பாத்துதான் வருது.”

கதவைத் திறந்தேன். வெயில். சரளைக்கல். ஒருவரும் இல்லை. மூடித் தாழிட்டேன்.

சரக்... சரக்...

சரளையின்மேல் நடை.

“அண்ணே... வச்சிடாதீங்க.”

“இருக்கேன்டா. அஞ்சைத் தாண்டிடுச்சு... உன் வாசல்கிட்ட...”

நடை நின்றது.

“அட, போயிடுச்சு தம்பி. சுத்தமா இல்ல.”

அவர் குரலில் நிம்மதி. எனக்கு இல்லை. இரும்பு அறைக்கு வெளியே சிக்னல் இல்லை என்றால்...

உள்ளே வந்துவிட்டது.

வ்ர்ர்ர்...

என் முதுகுக்குப் பின்னால்.

வ்ர்ர்ர்...

வ்ர்ர்ர்...

கட்.

நான் திரும்பவில்லை.

எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. என்னையும் அறையையும் சோதித்தார்கள். போன் எதுவும் கிடைக்கவில்லை. வேலை தப்பியது.

அடுத்த வாரம் அண்ணன் கூப்பிட்டார். பழைய கேபிளில் சுருக்கம் மட்டும்தான் போகும். முழுப் பதிவு அந்தந்த ஆண்டெனாவிலேயே தேங்கிக் கிடக்கும். எல்லா ஆண்டெனாவுக்கும் புது லைன் வந்ததும் அதையெல்லாம் இழுத்துப் பார்த்திருக்கிறார்.

ஐந்து மாதமாக அது இருந்திருக்கிறது. மதியம் 2.10, மூன்று துடிப்பு. ஒருநாள் இரண்டாவதில். ஒருநாள் ஏழாவதில்.

அன்றன்று நான் எங்கே வேலை செய்தேனோ, அங்கே.

லீவு போட்டேன். இன்று மூன்றாவது நாள். சற்றுமுன் அண்ணன் பேசினார்.

“மூணு நாளா ஒரு ஆண்டெனாலயும் இல்ல தம்பி. நிம்மதியா இரு.”

நான் வீட்டில் தனியாக இருக்கிறேன்.

மணி 2.09.