பஞ்சர்காரர் வாங்கிய இருமல் மிட்டாய்

என் மருந்துக் கடைக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவருக்கு வாய் கொஞ்சம் நீளம். வெயிலில் கிடந்த ட்யூபை யாராவது கொண்டுவந்தால் தீர்ந்தார்கள். "ரப்பருக்குச் சூடு எமன்யா! எத்தனை தடவை சொல்றது?" என்று அவர் போடும் சத்தம் என் கல்லாப்பெட்டி வரை கேட்கும். பதினோரு வருடமாக நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவர் அன்று காலை வந்து, சத்தமே காட்டாமல் இருமல் மிட்டாய் வாங்கிப் போனார். அரை மணி கழித்து வந்தார், மறுபடியும் இருமல் மிட்டாய். மூன்றாவது தடவை கடையில் இரண்டு பெண்கள் நிற்பதைப் பார்த்ததும் எடை மெஷினில் ஏறி நின்றுகொண்டார். இத்தனைக்கும் மனிதர் ஒரு தடவைகூட இருமவில்லை. "என்ன தம்பி வேணும்?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா" என்று தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

மறுநாள் கடை திறந்ததும் அவரை முன்னால் விட்டு, பின்னால் அவர் மனைவி வந்தாள்.

"அக்கா, நேத்து காலைல ஆணுறை கிழிஞ்சுபோச்சு. கரு தங்காம இருக்க மாத்திரை வாங்கிட்டு வர்றேன்னு போனவரு இருமல் மிட்டாயோட வந்து நிக்கிறாரு. திங்கக்கிழமை நான் பஸ் ஓட்டப் போறேன். ரெண்டு வருஷம் நாயா அலைஞ்சு வாங்குன வேலை. இருக்கிற ரெண்டு பிள்ளைங்களே போதும். எனக்கு பயமா இருக்குக்கா."

எனக்கு வந்ததே கோபம்! "ஒரு நாள் முழுசா வீணாக்கிட்டீங்களே தம்பி! இதெல்லாம் எவ்வளவு சீக்கிரம் போடுறோமோ அவ்வளவு நல்லது." அவள் முகம் வெளுத்துவிட்டது. "நீ பயப்படாத. மூணு நாளைக்குள்ள போட்டாப் போதும். வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறியா? இல்லையே? அப்ப இத இப்பவே போடு. மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்துட்டா திரும்ப வா. தேதி ஒரு வாரம் தள்ளிப்போனா டெஸ்ட் பண்ணிப் பாத்துரணும்."

தண்ணீர் கொடுத்தேன். அங்கேயே நின்று விழுங்கினாள்.

"ஆமா, அந்த ஆணுறைய எங்க வச்சிருந்தீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"பிள்ளைங்க கண்ணுல படக்கூடாதுன்னு... கடைலதான்."

"கடைல எங்க?"

விரலை மட்டும் நீட்டினார். ட்யூபுக்குச் சூடு வைத்து ஒட்டுகிற மெஷினுக்கு நேர் மேலே ஒரு பலகை. எட்டு மாதமாக அங்கேதான் இருந்ததாம்.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ரப்பருக்குச் சூடு?"

"எமன்" என்றார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவர் போல. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கும்தான்.

திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். ஆனால் தேதி வரும்வரை மூன்று பேருக்குமே நிம்மதி இல்லை. அவர் யாரையும் திட்டக்கூட இல்லை. தெருவே அமைதியாக இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு மதியம், பஸ் ஒன்று என் கடை முன்னால் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. ஓட்டுநர் இருக்கையில் அவள். கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி போனாள்.

எதிர்க் கடையில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நேராகத் தெருவைத் தாண்டி வந்தார். கடையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

"அக்கா, ஆணுறை ஒரு பாக்கெட் குடுங்க" என்றார், பஞ்சர் கடைக் குரலில்.

நான்கு பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.