வீடு திரும்பும்போது மட்டும் கொதிக்கும் கார்

காரில் பிரேக் கெட்டால் வண்டி நிற்காது, பேட்டரி கெட்டால் வண்டி கிளம்பாது. கூலிங் ஃபேன் கெட்டால் மட்டும் வண்டி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்து, மெக்கானிக்கின் மானத்தை வாங்கிய பிறகுதான் நிற்கும். ஈப்போவில் பதினெட்டு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். என்னைப் போலவே பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "போன வாரந்தானே பார்த்துக் குடுத்தீங்க?" என்ற கேள்வியை முதுகில் வாங்கும் சக பாவிகளே, இது உங்களுக்காக. மற்றவர்கள் படித்தால் என்னிடம் வண்டி விட யோசிப்பார்கள்.

எத்தனை கிப்பாஸ்?

தேவகி அக்கா பத்து காஜா ஊருக்கு அந்தப் பக்கம், ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட ஒரு பழைய தோட்டத்தில் இருக்கிறார். கணவர் மாணிக்கம் அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஈப்போவுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டி வர வேண்டும். ஒரு தடவை தவறினாலும் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு முட்டும். அந்தப் பக்கம் கூப்பிட்டால் வாடகை வண்டியும் வராது. அவர்களுக்கு இருப்பது இருபது வயதைத் தாண்டிய ஒரு சின்ன கார், அவர்கள் பேச்சில் காடி. அது கொதிக்கிறது என்றுதான் அக்கா போன் செய்தார்.

"கிப்பாஸ் ஓடுதாக்கா?" என்று கேட்டேன். நம் மலேசியாவில் மின்விசிறி என்றால் யாருக்குப் புரிகிறது? "ஜோரா ஓடுது தம்பி" என்றார். அதை வேதவாக்காக நம்பி, ரேடியேட்டரைக் கழுவி, மூடியை மாற்றி, தெர்மோஸ்டாட்டையும் மாற்றி அனுப்பினேன். அடுத்த வாரமே மறுபடி கொதித்தது. சந்தேகம் வந்து, எந்தக் கிப்பாஸ் என்று கேட்டால், டேஷ்போர்டில் ஏர்கான் காற்று வரும் ஓட்டையைக் காட்டுகிறார். ரேடியேட்டரை ஒட்டி இன்னொன்று இருக்கிறது என்று பானட்டைத் திறந்து காட்டினேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கிப்பாஸ்னா கிப்பாஸ்தானே தம்பி, ஒரு காடியில எத்தனதான் வைப்பாங்க?"

பாய் சொன்ன காரணம்

சரி, அந்த இன்னொரு கிப்பாஸையே பார்த்துவிடுவோம் என்று வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். பட்டறைக்கு மேலே தகரக் கூரை. மத்தியான வெயிலில் உள்ளே இருப்பவன் வெந்துபோவான். கதவைச் சாத்தி, ஏர்கானைப் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் இன்ஜினை ஓட விட்டேன். கிப்பாஸ் புயலாகச் சுற்றியது. சூடு காட்டும் முள் பாதிக்கு மேல் ஏறவே இல்லை. ஒரு கோளாறும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாவியைக் கொடுத்தேன்.

நாலாம் நாள் அக்கா மறுபடி வந்து நின்றார். "போகும்போது ஒண்ணும் இல்ல தம்பி. வீட்டுக்கு வரும்போதுதான் கொதிக்குது." அதே ரோடு, அதே தூரம். அப்புறம் எப்படி? மறுபடி அரை மணி நேரம் ஓட விட்டேன். மறுபடி ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகை வந்தது. வழியில் வண்டி நின்றுபோனால் அண்ணனின் கதி என்ன என்று அக்கா கேட்கவில்லை. ஆனால் அவர் கண் என் கையிலேயே இருந்தது. சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காசிம் பாய் தன் வேனுக்காகக் காத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தேத்தண்ணீரைக் கீழே வைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

"இதுல என்னா லா அதிசயம், வீட்டுக்குப் போறதுன்னா எனக்கே சூடு ஏறும்."

குளிர்

வேறு வழி தெரியாமல் ஒரு நாள் நானும் அவர்களோடு வண்டியில் ஏறினேன். டயாலிசிஸ் முடிந்து அண்ணன் வெளியே வந்தபோது, உச்சி வெயிலில் அவருக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. தோளில் ஒரு கம்பளி. மிஷினுக்குள் ரத்தம் போய் வந்தாலே குளிரெடுக்குமாம். முன் சீட்டில் உட்கார்ந்ததும், "அடைச்சிரு தேவகி, குளிருது" என்றார். அக்கா ஸ்விட்சைத் திருப்பி ஏர்கானை அடைத்தார். மூன்றாவது சிக்னலில் முள் ஏற ஆரம்பித்தது.

விஷயம் இவ்வளவுதான். இந்த மாதிரி வண்டியில் கிப்பாஸை ஓட்ட இரண்டு வழி உண்டு. இன்ஜின் சூடானால் அதைப் பார்த்து ஓட்டுவது சென்சார். இல்லாவிட்டால் ஏர்கானைப் போட்டாலே தானாக ஓடும். சென்சார் செத்துவிட்டது. காலையில் வரும்போது அக்காவுக்குப் புழுங்கும், ஏர்கான் ஓடும், கிப்பாஸும் ஓடும். திரும்பும்போது அண்ணனுக்குக் குளிரும், ஏர்கானை அடைப்பார்கள், கிப்பாஸும் நின்றுவிடும். பட்டறையில் எனக்கு வேர்க்கும் என்று நானும் ஏர்கானைப் போட்டுக்கொண்டேதான் சோதித்திருக்கிறேன்! என் வியர்வையைத் துடைத்துக்கொண்ட நேரத்தில் அந்தச் சென்சார் வயரைத் தொட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். புது சென்சார் கைக்கு வரும்வரை ஏர்கானை அடைக்கவே கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அண்ணன் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"பரவால்ல தம்பி, காடி நல்லா இருக்கட்டும், நான் போத்திக்கிறேன்."

பூஜை போட்ட வண்டி

சென்சார் வந்தது. மாட்டினேன். இந்தத் தடவை ஏர்கானை அடைத்துவிட்டு, வேர்வையில் குளித்துக்கொண்டு, மூன்று தடவை சோதித்தேன். முள் ஏறியதும் கிப்பாஸ் தானாகச் சுற்றியது. இதோடு கதையை முடித்திருந்தால் நானும் ஒரு நல்ல மெக்கானிக்தான். ஆனால் அன்றைக்கு ஆயுத பூஜை.

நம் பட்டறைகளில் வழக்கம் தெரியும்தானே? ஸ்பானர், ஜாக் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, நிற்கிற வண்டிகளின் பானட்டைத் திறந்து ஆளுக்கு ஒரு முழம் பூ. அக்காவின் காருக்குச் செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தமாக, ஜரிகை சுற்றிய பெரிய சாமந்தி மாலையாகப் பார்த்து, ரேடியேட்டருக்கு மேலேயே சாத்திக் கும்பிட்டேன். மறுநாள் காலையில் மாலையை எடுத்துவிட்டு வண்டியை அனுப்பினேன். முழுசாக எடுத்ததாகத்தான் நினைத்தேன்.

அடுத்த டயாலிசிஸ் நாள் அக்காவிடமிருந்து போன். செம்பனைக்கு நடுவே, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் நிற்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணனின் நேரம் தாண்டிவிட்டது. அவர் மிஷினில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். பானட்டைத் திறந்தால் ஆவியோடு சாமந்தி வாசம் வந்தது. அறுந்து விழுந்திருந்த ஒரு துண்டு மாலை, நூலும் ஜரிகையுமாகக் கிப்பாஸின் அச்சில் முறுக்கிக்கொண்டு, சுற்ற விடாமல் பிடித்து ஃபியூஸையும் எரித்திருந்தது. இடுக்கியால் அதைப் பிடுங்கி எடுத்தபோது தொழிலே வேண்டாம் என்று இருந்தது. அன்று சாயங்காலமே அண்ணனுக்கு மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள்.

மறுநாள் பார்க்கப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய், கால் இரண்டும் வீங்கியிருந்தன. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அண்ணன் குழாயைச் சற்றே நகர்த்தி, என்னைக் கிட்டே வரும்படி சைகை காட்டி, சிரித்தார்.

"எனக்குப் போட வேண்டிய மாலைய அவசரப்பட்டு என் காடிக்குப் போட்டுட்டியே தம்பி."

இன்ஜின் கொதித்தால் ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றலாம் என்று இந்தத் தொழில் எனக்குக் கற்றுக் கொடுத்தது. கொதிக்க வேண்டிய மனுஷன் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் கற்றுக் கொடுக்கவே இல்லை.